முதலில் மேட்டு லயம்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை. பதுளை.

என் பொறுப்பிலுள்ள பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டத்துத் தண்ணீர்த் திட்டத்தை இன்று பாதியில் மாற்றிவிட்டேன். செய்தது சரியா என்று மனம் இன்னும் அடங்கவில்லை.

அட்டவணைப்படி, தொழிலாளர் குடியிருக்கும் எல்லா லயங்களுக்கும் முதலில் குழாய்க்குழி வெட்டினோம். தண்ணீர்த் தாங்கி கட்டி முடியவில்லை, குழாயும் வந்துசேரவில்லை. மழை வந்து குழிகளை நிரப்பிவிட்டது. இன்று காலையில் கொழுந்தெடுக்கக் கிளம்பிய கீழ் லயத்துச் செல்வி அக்கா ஒன்றில் விழுந்து காலைச் சுளுக்கிக்கொண்டார்.

அவர் வீட்டு வாசலிலேயே தாங்கி கட்டும் மேசனையும் குழி வெட்டிய கொந்தராத்துக்காரரையும் லயத்துப் பெண்களையும் கூட்டிப் பேசினேன். தாங்கிக்கு அருகிலுள்ள மேட்டு லயத்தை மட்டும் தண்ணீர் வரும்வரை முடிப்போம், மற்றக் குழிகளை மூடுவோம், அதில் கற்றதை வைத்து அடுத்ததை யோசிப்போம் என்றேன்.

"வெட்டினத மூடவா?" என்று கொந்தராத்துக்காரர் சீறினார்.

செல்வி அக்கா கட்டுப்போட்ட காலை நீட்டியபடி, "மூடுங்க. எங்களுது கீழ் லயம், பிந்தித்தான் வரும். பரவாயில்ல, ஒரு எடத்துலயாவது தண்ணி வரட்டும்" என்றார்.

அதன் பிறகு யாரும் மறுக்கவில்லை. அலுவலகத்தில் எனக்கு மேலுள்ள பெரியவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "யாரைக் கேட்டு மாத்தினீங்க?" என்றார். அக்கா குழியில் விழுந்ததைச் சொன்னதும், "சரி, ரெண்டு வாரம் பாருங்க" என்றார்.

நான் கிளம்பும்போது அக்காவின் வாசல் குழியை மண் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்த கூட்டம் எப்ப மிஸ்?" என்று அக்கா கேட்டார்.

அப்படியொன்று வைக்கவேண்டும் என்று அதுவரை எனக்குத் தோன்றவேயில்லை. வெள்ளிக்கிழமை என்றேன். எழுதும்போதே கண் சொருகுகிறது.