உன் வாசலில் சொல்லாமல் புறப்பட்டேன்

என் அன்பு ஷிவோன்,

நம் குரோய்டன் அலுவலகத்தில் உன் மேசைக்கு இன்னும் யாரும் வரவில்லை. உன் தேநீர்க் கோப்பையை நான்தான் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். காலை பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் என் பையை வைக்கிறேன். பிறகு வெட்கப்பட்டு எடுத்துவிடுகிறேன். யாருக்காக இடம் பிடிக்கிறேன்?

உன்னிடம் ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். உன்னை உங்கள் வீட்டு முன்னறையில் பெட்டியில் வைத்திருந்த அன்று அம்மாவும் நானும் வந்தோம். மணிக்கூட்டை நிறுத்தி, கண்ணாடியைத் துணியால் மூடியிருந்தார்கள். அயர்லாந்துக்காரர் இறந்தவரைத் தனியே விடமாட்டார்களாம். உன்னைச் சுற்றியிருந்து சான்ட்விச் சாப்பிட்டார்கள், உன் குறும்புகளைச் சொல்லிச் சிரித்தார்கள்.

"செத்தவீட்டில சிரிக்கினம்," என்று அம்மா என் காதில் முணுமுணுத்தார். கொஞ்ச நேரத்தில் அவரும் சிரித்துவிட்டார்.

புறப்படும்போது எல்லோரும் உன் அம்மாவைக் கட்டிப்பிடித்து, வாசலில் நின்று விடைபெற்றார்கள். அம்மா என் கையை இழுத்தார். "இஞ்ச சொல்லிக்கொண்டு வரக்கூடாது பிள்ளை. பேசாமல் நட." நடந்தேன். செத்தவீட்டில் 'போய்வருகிறேன்' என்று சொன்னால் துக்கமும் திரும்பி வரும் என்பது எங்கள் பயம்.

மூன்றாம் நாள் உன் அம்மாவின் மெசேஜ் வந்தது. 'உன்னை வாசலில் தேடினேன். நாங்கள் சிரித்தது உன் மனதை நோகடித்ததா?'

பிள்ளையைப் பறிகொடுத்தவர் என்னிடம் கேட்கிறார். மூன்று வாரமாகப் பதில் எழுதி எழுதி அழித்தேன். என் கூச்சம் உனக்குத் தெரியும்தானே?

அயர்லாந்தில் உன் அம்மா பிறந்த அக்கில் தீவில் அந்தக் காலத்தில் கோட்டை வைத்திருந்த கடல்தலைவியின் கதையை எத்தனை தரம் சொல்லியிருப்பாய்! கப்பலேறி வந்து இங்கிலாந்து அரசியின் முன் தலைகுனியாமல் நின்றவள். மீட்டிங்கில் நான் வாய் திறக்காத நாளெல்லாம் அவளை இழுப்பாய். "அவளுக்கு முன்னால கிரீடம் வைச்ச அரசி. உனக்கு முன்னால மனேஜர். அவருக்கு ஒரு தொப்பிகூட இல்லை!" உன் ஆங்கிலம் எனக்கு எப்போதும் எங்கள் தமிழிலேயே ஞாபகம் வருகிறது.

நேற்று மதியம் அலுவலகப் படிக்கட்டில் நின்று உன் அம்மாவுக்குப் போன் எடுத்தேன். எங்கள் வழக்கத்தைச் சொன்னேன்.

"அப்ப மரியாதைக்குத்தான் ஓடினியா? கடவுளே! நாங்கள் விடைபெறவே அரைமணித்தியாலம் எடுக்கிற ஆக்கள்." சிரித்தார். பிறகு அழுதார்.

எனக்குத் தெரியாதா? போனை வைக்கமுன் நீ 'பை, பை' என்று ஏழு தரம் விடைபெறுவாயே.

சனிக்கிழமை தேவாலயத்தில் உனக்கு மாதப் பூசை. எங்கள் முப்பத்தோராம் நாள் போலத்தான். "அவையள் வடை தின்னுவினமோ?" என்று அம்மா கேட்கிறார். நீ தின்ற கணக்கை மறந்துவிட்டார் போல.

பூசை முடிந்து உங்கள் வீட்டுக்கு வருவேன். அம்மா எவ்வளவு இழுத்தாலும், உன் அம்மாவைக் கட்டிப்பிடித்து ஏழு தரம் சொல்லிக்கொண்டுதான் புறப்படுவேன். துக்கம் திரும்பி வருமென்றால் வரட்டும் ஷிவோன். அது இன்னும் போகவே இல்லையே.

உன் கூடப்பிறக்காத தங்கச்சி,
யாழினி