இரண்டாம் சரணம்

பிப்ரவரி 4

என் வீட்டுப் பாட்டுக்காரருக்கு,

நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். போன வாரம் டீவியில் உங்கள் பேட்டி பார்த்தேன், சட்டைக் காலர்தான் இஸ்திரியைக் கண்டு பல நாள் ஆனது போல இருந்தது.

வீட்டை விட்டு இந்த விடுதிக்கு வந்த எட்டு மாதத்தில் நானாக எழுதும் முதல் கடிதம் இது. உடனே துள்ளிக் குதிக்க வேண்டாம், இது கல்லூரி வேலை. எங்கள் தமிழ்த்துறைக் கருத்தரங்கில் உங்கள் பாடல்களைப் பற்றிக் கட்டுரை வாசிக்கும் பொறுப்பைத் துறைத்தலைவர் என் தலையில் கட்டிவிட்டார். "வீட்டுக்காரர் பாட்டும்மா, உங்களைவிட யாருக்குத் தெரியும்?" என்கிறார். நாம் பிரிந்திருப்பது அவருக்குத் தெரியாது. சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

இருநூற்றுப் பதின்மூன்று பாடல்களையும் உட்கார்ந்து படித்துவிட்டேன். ஒரு சந்தேகம். உங்கள் பாட்டில் ஆண் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறான். என்ன கோபம், ஏன் பேசவில்லை, எப்போது வருவாய். அவள் ஒரு பாட்டிலாவது பதில் சொல்கிறாளா? டூயட்டில்கூட அவன் சொன்னதையே திருப்பிப் பாடிவிட்டுப் போகிறாள். ஏன் என்று எழுதுங்கள். போன் வேண்டாம். போனில் நீங்கள்தான் பேசுவீர்கள்.

இப்படிக்கு,
டீச்சர்

பிப்ரவரி 9

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

உன் உறையைப் பிரிக்கவே எனக்கு அரை மணி நேரம் ஆனது. வக்கீல் நோட்டீஸோ என்று பயந்துவிட்டேன். பிரித்தால் பரீட்சைக் கேள்வித்தாள்!

காரணம் ரொம்பச் சின்னது. இசையமைப்பாளர் மெட்டை 'தன்னன்ன தானா' என்று பாடித் தருவார். ஒரு பல்லவி, இரண்டு சரணம், நாலரை நிமிஷம். அவன் கேட்டு முடிப்பதற்குள் மெட்டு முடிந்துவிடும். அவளுக்கு இடமில்லை, அவ்வளவுதான். இதற்குப் போய்க் கட்டுரையா? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே.

வீட்டில் எதிலும் மனம் நிற்கவில்லை. எழுத உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். நேற்று மட்டும் மேஜையை மூன்று முறை இடம் மாற்றினேன். கீழ் வீட்டுக்காரர் ஏறி வந்து, "சார், வீடு காலி பண்றீங்களா?" என்று கேட்கிறார். நான் என்ன தப்புச் செய்தேன்? எப்போது வருகிறாய்?

உன்,
பாட்டுக்காரன்

பிப்ரவரி 15

பாட்டுக்காரருக்கு,

பார்த்தீர்களா, இரண்டு கேள்வி கேட்டுவிட்டுக் கடிதத்தை முடித்துவிட்டீர்கள். இங்கே மெட்டு ஒன்றும் இல்லையே. தாளில் பாதி காலியாகத்தான் இருந்தது.

கேட்டதற்குச் சொல்கிறேன். நம் குழந்தை வயிற்றில் தங்காமல் போனதே, அந்த வாரம் நீங்கள் ஒரு தாலாட்டு எழுதினீர்கள். ஊரே அழுதது. விருதுகூடக் கொடுத்தார்கள். என்னிடம் வந்து 'உனக்கு எப்படி இருக்கிறது' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன், உங்களுக்குக் கேட்கக் கூடாது என்று. பிறகுதான் தெரிந்தது, மூடிவிட்டு அழுதாலும் உங்களுக்குக் கேட்காது.

இதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். படித்துவிட்டு மடித்து வையுங்கள்.

வருவதா வேண்டாமா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை. பெட்டியைக் கட்டுகிறேன், பிரிக்கிறேன். அறைத்தோழி என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறாள். நானாகச் சொல்லும்வரை பொறுங்கள். கேட்பது இது ஒன்றுதான்.

டீச்சர்

பிப்ரவரி 21

டீச்சர்,

ஏழு தடவை படித்தேன். மன்னித்துவிடு என்று எழுதி அடித்துவிட்டேன். அதுவும் பாட்டு வரி மாதிரியே இருந்தது. வெட்கமாக இருக்கிறது.

ஒன்று செய்திருக்கிறேன். புதுப் படத்தில் பிரிந்துபோன கணவன் மனைவிக்கு ஒரு பாட்டு வருகிறது. முதல் சரணம் அவன் பாடுவது. இரண்டாம் சரணம் முழுக்க அவளுக்கு என்று டைரக்டரிடம் சண்டை போட்டு வாங்கிவிட்டேன். அதை நான் எழுதப் போவதில்லை. மெட்டைத் தன்னன்னாவாகவே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் உன் வரியை நீ எழுது. உன் பேரிலேயே வரும். எத்தனை நாள் ஆனாலும் காத்திருக்கிறேன். சத்தியம்.

உன்,
பாட்டுக்காரன்

மார்ச் 14

என் டீச்சருக்கு,

மூன்று வாரமாகத் தபால்காரரை வாசலிலேயே மடக்குகிறேன். இப்போதெல்லாம் என் தலையைக் கண்டாலே சைக்கிளை வேகமாக மிதிக்கிறார்.

கோபப்படாமல் படி. நேற்று ரெக்கார்டிங். பாடகி மைக் முன்னால் வந்து நின்றுவிட்டாள், மதியம் விமானத்தைப் பிடிக்க வேண்டுமாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இசையமைப்பாளர், "வரி எங்க சார்? வரி எங்க?" என்று கத்துகிறார். சட்டைப் பையில் உன் கடிதம் இருந்தது. எப்போதும் அங்கேதான் இருக்கும். கை தானாகப் போய்விட்டது. பத்தே நிமிஷத்தில் எழுதிக் கொடுத்தேன். பாடி முடித்தபோது ஒருத்தர் பாக்கியில்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் பேரில்தான் வரும், அதையெல்லாம் அந்த அவசரத்தில் பேச முடியவில்லை. ஆனால் கடைசியில் உன் குரல் என் பாட்டுக்குள் வந்துவிட்டதே! கேட்டால் நீயே சந்தோஷப்படுவாய். எப்போது வருகிறாய்?

உன்,
பாட்டுக்காரன்

ஏப்ரல் 6

பாட்டுக்காரருக்கு,

கேட்டேன். கேட்காமல் இருக்க முடியுமா? விடுதிச் சமையற்கார அக்கா பாத்திரம் விளக்கும்போது பாடுகிறார், அதுவும் குழாயைத் திறந்துவிட்டு.

குழாயைத் திறந்துவைத்து அழுதேன், உனக்குக்
கேட்கக் கூடாதென்று
மூடிய பின்தான் அறிந்தேன், உனக்குக்
கேட்கவே கேட்காதென்று

மெட்டில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. அதுதான் வயிறு எரிகிறது. நேற்று வகுப்பில் ஒருத்தி எழுந்து, "மேடம், ஒரு பொண்ணு மனசு ஆம்பளைக்கு இவ்ளோ புரியுமா மேடம்? நீங்க குடுத்து வச்சவங்க" என்றாள். சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

நீங்கள் அனுப்பிய தாளில் நான் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். யாப்பிலக்கணம் நடத்துகிறவளுக்கு நாலு வரி உட்கார மூன்று வாரம் ஆயிற்று, சிரிக்காதீர்கள். கடைசி வரி 'வருகிறேன்' என்று முடிந்தது. உறையில் போட்டு ஒட்டியும் வைத்திருந்தேன். உங்கள் கடிதம் முந்திக்கொண்டது.

அந்த உறை இனி வராது. நானும் வரமாட்டேன். இரண்டு மாதம் என்னைப் படுத்திய பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டேன். நீங்களும் மேஜையை ஒரே இடத்தில் வையுங்கள், கீழ் வீட்டுக்காரர் பாவம்.

கட்டுரை முடிந்துவிட்டது. எழுதியதில் ஒன்றையும் மாற்றவில்லை. இருநூற்றுப் பதினான்கு பாடல்களில் பெண் ஒரே ஒருமுறை பதில் சொல்கிறாள் என்று மட்டும் சேர்த்தேன். அந்த இடத்துக்கு ஓர் அடிக்குறிப்பு போட வேண்டியிருந்தது. அச்சுக்குப் போகும் முன் உங்களுக்குத் தெரிவிப்பது மரியாதை. உங்கள் அனுமதியைக் கேட்கவில்லை, சொல்கிறேன்.

'பாடல் 214, இரண்டாம் சரணம். மூலம்: கட்டுரையாசிரியர் தம் கணவருக்கு எழுதிய கடிதம், பிப்ரவரி 15. அவருக்கு மட்டும் எழுதியது.'

இப்படிக்கு,
கட்டுரையாசிரியர்