பதினான்காம் சாவடியும் காரணம் என்ற கட்டமும்

மார்ச் 3, செவ்வாய்

போன தேர்தலில் பதினான்காம் வாக்குச்சாவடியில் நூற்றுக்கு முப்பத்தொரு பேர்தான் ஓட்டுப் போட்டார்கள். இந்தத் தடவை நாற்பதைத் தொடாவிட்டால் சாவடியையே மூடிவிட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சாவடியோடு சேர்த்துவிடுவார்களாம். என் வீடும் பதினான்கில்தான் வருகிறது. தேர்தல் அலுவலகத்தில் பதினேழு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். இதைவிட என்ன மானக்கேடு வேண்டும்?

அதிகாரி கூட்டம் போட்டு, ஜனங்களுக்குச் சோம்பல், வேறொன்றுமில்லை என்றார். தலையாட்டினேன். பொய் சொல்வானேன், நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மார்ச் 5, வியாழன்

தங்கை வந்தாள். அடுத்த தெரு, அதே சாவடி. மூன்று தேர்தலாக எட்டிப் பார்க்கவில்லை. ஏன்டி என்று கேட்டேன்.

"வேலை இருந்துச்சுக்கா."

பத்து நிமிஷம் ஒதுக்க முடியாமல் அப்படி என்ன வேலை என்று பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். போகட்டும். ரோஷத்துக்கு மட்டும் குறைச்சலில்லை.

மார்ச் 9, திங்கள்

பயிற்சிக்குப் போன அதிகாரி ஒரு கையேட்டோடு திரும்பியிருக்கிறார். சில நாடுகளில் ஓட்டுப் போடாவிட்டால் அபராதம். சில இடங்களில் விடுமுறை நாளில்தான் தேர்தல். சில இடங்களில் வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வந்துவிடும். இத்தனையில் அவருக்குப் பிடித்தது அபராதம் ஒன்றுதான். அது நம் கையில் இல்லை சார் என்றதும் முகம் தொங்கிப்போயிற்று.

கடைசியில் என்ன முடிவு? சுவரொட்டி! இரண்டாயிரம். சிரித்துக்கொண்டே ஓட்டுப் போடப் போகும் ஒரு குடும்பம். ஒருத்தர் முகத்திலும் களைப்பு இல்லை. இவர்கள் எந்த வீட்டு மனுஷர்களோ.

மார்ச் 11, புதன்

சுவரொட்டிகள் வந்து என் மேசையில் உட்கார்ந்துவிட்டன. எழுத இடமில்லை.

தேர்தல் நாளில் வேலை பார்க்கும் நாங்கள் பதினொரு பேரும் தபால் ஓட்டுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பதினெட்டாம் தேதி கடைசி. எல்லோர் கையிலும் நானே படிவத்தைத் திணித்தேன். ஓட்டுநரிடம் மூன்று தடவை சொல்லியாயிற்று. சின்னப் பிள்ளைகளைப் போல விரட்ட வேண்டியிருக்கிறது. என்னுடையதை உட்கார்ந்த கையோடு நிரப்பிவிட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

சுவரொட்டி ஒட்டுகிறவர்களோடு பதினான்குக்குப் போனேன். பாதி வீடு பூட்டிக் கிடந்தது. எங்கே போனார்கள்? பழம் பெட்டியில் அடைக்கிற கூடத்துக்கு. தங்கை வேலை பார்ப்பதும் அங்கேதான். வாசலில் போய் நின்றேன்.

காலை ஏழு மணிக்கு உள்ளே போனால் வெளியே வர ஐந்தரை. வாக்குப்பதிவு எட்டிலிருந்து ஐந்து வரை! ஒரு நாள் லீவு போட்டால் அந்த வாரம் முழுக்கக் கனமான பெட்டி தூக்க வைத்துவிடுவார்களாம்.

மணி அடித்து தங்கை வந்தாள். கை முழுக்க அட்டை கிழித்த கோடு. என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனாள். சோம்பலாம், சோம்பல். பதினேழு வருஷமா நான் என்னத்தைப் பார்த்தேன்? என் மேலேயே எனக்கு ஆத்திரமா வருது.

மார்ச் 16, திங்கள்

நேரத்தை நீட்டலாமே என்றேன். விதி இடம் கொடுக்காதும்மா என்றார் அதிகாரி. விதிப்புத்தகத்தை அவர் திறந்து பார்த்திருந்தால்தானே! சாப்பாட்டு நேரத்தில் நான் திறந்தேன். நாற்பத்தொன்றாம் பக்கம்: ஒரு சாவடியின் வாக்காளர்களில் பாதிப் பேருக்கு ஒரே வேலை நேரம் என்று பட்டியல் கொடுத்தால் எட்டு மணி வரை நீட்டலாம். இருபத்துநாலாம் தேதி தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பே கொடுக்க வேண்டும். அதாவது நாளைக்குள். விளங்கினாற்போலத்தான்.

மார்ச் 17, செவ்வாய்

காலை ஆறு மணிக்கு வாசலில் தங்கை. லீவு போட்டுவிட்டாளாம். உர்ரென்றுதான் இருந்தாள். ஆனால் அவள் கூப்பிட்டால்தான் கதவே திறந்தது. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர்களை வாசலிலேயே மடக்கினோம். மற்றவர்களுக்கு அவரவர் வீட்டில் கேட்டு எழுதினோம். அறுநூற்றுச் சொச்சம் பேர், சாவடியில் பாதிக்கு மேல். நாலே முக்காலுக்கு அதிகாரி மேசையில் வைத்தேன். கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 18, புதன்

உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி. அலுவலகம் போகவில்லை. தூங்கினேன்.

மார்ச் 24, செவ்வாய்

தேர்தல். எனக்கு ஊரின் மறுகோடியில் ஒன்பதாம் சாவடியில் வேலை. பதினான்கில் ஐந்து மணிக்கு நூற்றுக்கு இருபத்தொன்பது என்று போன் வந்தது. ஆறு மணிக்குத் தங்கை கூப்பிட்டாள்.

"வரிசை தெருமுனை தாண்டி நிக்குதுக்கா. நான் போட்டுட்டேன்."

அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் தலைவலியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மார்ச் 26, வியாழன்

நூற்றுக்கு நாற்பத்தாறு! சாவடி பிழைத்தது. பார்த்தீர்களா சுவரொட்டியின் மகிமையை என்கிறார் அதிகாரி. இவரை என்ன செய்ய?

மிச்சச் சுவரொட்டிக் கட்டை வேறு சாவடிகளுக்கு அனுப்பச் சொன்னார். தூக்கினேன். அடியில் ஒரு காகிதம் நசுங்கிக் கிடந்தது. என் தபால் ஓட்டு விண்ணப்பம். நிரப்பி, கையெழுத்துப் போட்டு, அனுப்பாமல். சீட்டு வரவில்லையே என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

பத்துப் பேரை விரட்டி விரட்டி அனுப்ப வைத்தவள் நான்!

மார்ச் 27, வெள்ளி

பதினான்கில் ஓட்டுப் போடாதவர்களின் பட்டியல் வந்திருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே காரணம் குறிக்க வேண்டும். அச்சடித்திருப்பது மூன்றே மூன்று: சோம்பல், ஆர்வமின்மை, வெளியூர்.

வரிசை எண் 212. என் பெயர்.

தங்கையைக் கூப்பிட்டுச் சொன்னேன். மூச்சு வாங்கச் சிரித்தாள். "அப்படி என்னக்கா வேலை?" என்றாள்.

மூன்றையும் அடித்துவிட்டு ஓரத்தில் என் கையால் எழுதினேன்: வேலை இருந்தது.