பீரோவுக்குப் பின்னால் கறுத்த சுவர்

வாய்க்கு வாய் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று கூப்பிட்ட என் அக்காவுக்கு,

உன் மகள் நன்றாக இருக்கிறாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ நடுவில் எதையும் படிக்காமல் கடைசி வரிக்குத் தாவிவிடுவாய். நான் இதை எழுதும்போது கயல் பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருக்கிறாள். வாய்ப்பாடு என் காதில் விழவே இல்லை. இரண்டு வரிக்கு நடுவில் அவள் இழுக்கும் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதில் விசில் சத்தம் இருக்கிறதா? இல்லையா? மழை தொடங்கியதிலிருந்து எனக்கு இதுதான் வேலை.

பல்லியைப் பார்த்து நாற்காலியில் ஏறி நின்றவன் என்று என்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாய். அதெல்லாம் பயமே இல்லை அக்கா. பயம் என்றால் என்னவென்று இந்த மழைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பிறந்த வீட்டுக் கோடியை உன்மேல் போர்த்திவிட்டு நான் மேலூருக்குத் திரும்பிய பிறகு, செல்லூர் வீட்டில் நடந்தது உனக்குத் தெரியாது. காரியம் முடிந்த கையோடு மச்சான் உன் அறையைப் பூட்டினார். ஜன்னலைச் சாத்தித் தாழ்போட்டார். உன் கட்டில், மெத்தை, தலையணை, பீரோ நிறைய உன் சேலைகள் எல்லாம் இருந்தது இருந்தபடி. கட்டிய துணிமணியை யாருக்காவது கொடுத்துவிடுவதுதான் வழக்கம் என்று சொந்தக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். "வருசத் திதி முடியட்டும். அதுவரைக்கும் அவ ரூம்ல யாரும் கை வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். துக்க வீடு என்பதால் பொங்கலுக்கு வெள்ளையும் அடிக்கவில்லை. அவர் முகம் இருந்த இருப்பில் நீயே எதிர்த்துப் பேசியிருக்க மாட்டாய்.

வெள்ளிக்கிழமை மட்டும் கதவைத் திறந்து, விளக்கேற்றி, சாம்பிராணி போடுவார். புகை அடங்கியதும் மறுபடி பூட்டு. நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் கத்திக் கத்திப் பேசுகிற மனுஷன், அந்த அறைக்குள் போனால் செருமக்கூட மாட்டார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது கயலுக்குத் தலை பின்னிவிட்டேன். சிரிக்காதே, இப்போது நன்றாகவே பின்னுகிறேன். அவள் முடியில் ஒரு வாடை. நனைந்த சாக்கை மூலையில் போட்டு வைத்தால் வருமே, அந்த மக்கிய வாடை. தலையைச் சரியாகத் துவட்டவில்லை போல என்று நினைத்தேன். அப்புறம் அவள் கடைக்கு ஓடிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. உன் சத்தம் அக்கா. சின்ன வயதில் ஒரே பாயில் படுத்திருக்கும்போது என் காதுக்குப் பக்கத்தில் கேட்குமே, அதே இழுப்பு. உடனே மச்சானோடு அவளை டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

டாக்டர் மருந்து எழுதினார். வாயில் வைத்து அடிக்கும் பஃப் ஒன்று கொடுத்தார். "வீட்ல ஓதம் இருக்கா? எங்கயாச்சும் சுவத்துல பூசணம் பிடிச்சிருக்கா?" என்று கேட்டார். "அதெல்லாம் இல்லைங்க சார், சுத்தமான வீடு" என்றார் மச்சான். பொய் சொல்லவில்லை. விளக்கு வெளிச்சத்திலும் சாம்பிராணிப் புகையிலும் மட்டுமே அந்த அறையைப் பார்க்கிறவருக்கு வேறென்ன தெரியும்?

ஒருநாள் மேலூரிலிருந்து லோடு ஏற்றிக்கொண்டு மதுரைக்கு வந்தவன், சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போனேன். கயலின் பள்ளிக்கூடப் பை நடையில் கிடந்தது. ஆளைக் காணோம். மச்சான் தறியில் இருந்தார். உன் படத்துக்குப் பின்னால் தொங்கும் அறைச் சாவியும் இல்லை. அக்கா, அந்த ஆணி வெறுமையாக இருந்ததைப் பார்த்ததும் உள்பக்கம் ஓடினேன். உன் அறைக்கதவு லேசாகத் திறந்திருந்தது.

உள்ளே அதே மக்கிய வாடை, மூக்கில் அறைந்தது. உன் மகள் பீரோவுக்குள் பாதி உடம்பை நுழைத்து, அடித்தட்டில் இருந்த உன் சுங்குடிச் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள்.

"கயலு! இங்க என்னடா பண்ற?"

"அப்பாட்ட சொல்லிராதீங்க மாமா."

"சொல்லல. என்ன பண்ற, சொல்லு."

"அம்மா வாசன பாக்குறேன்." குரல் விட்டு விட்டு வந்தது. "மேல இருக்குற சேலையில எல்லாம் வேற வாட வந்துருச்சு மாமா. அடியில இருக்குறதுல மட்டும் இன்னும் கொஞ்சம் இருக்கு. நல்லா இழுத்துப் பாத்தாத்தான் வருது."

லைட்டைப் போட்டேன். மேல்தட்டுச் சேலைகளின் மடிப்பில் சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்திருந்தது. பீரோவுக்குப் பின்னால் சுவர், தரையிலிருந்து என் தோள் உயரத்துக்குக் கறுத்துக் கிடந்தது. மாடி பாத்ரூம் குழாய் அந்தச் சுவருக்குள்தான் இறங்குகிறது. அந்தப் பூசணத்தைத்தான் பிள்ளை தினம் பள்ளிக்கூடம் விட்டு வந்து, உன்னைத் தேடித் தேடி, ஆழமாக இழுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவதற்குள் இழுப்பு கூடிவிட்டது. பஃப் அடித்தேன். கேட்கவில்லை. உதடு நிறம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே ஆட்டோவில் போன அந்தத் தூரத்தை நான் எப்படிச் சொல்ல? உன்னை இதே சாலையில் கொண்டுபோனோம். வண்டி அதே சிக்னலில் நின்றது. நீ கும்பிட்ட சாமி, கும்பிடாத சாமி எல்லாரையும் கூப்பிட்டேன். கடைசியில் உன்னையும் கூப்பிட்டேன். கேட்டதா?

ஆஸ்பத்திரியில் மூக்கு வாயை மூடி மருந்துப் புகை வைத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தோள் ஏறி இறங்குவது அடங்கியது. தலையெல்லாம் பஞ்சோடு மச்சான் ஓடி வந்தார். வராந்தாவில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"ரூமத் தெறக்கணும் மச்சான். மெத்தை, தலகாணியத் தூக்கிப் போடணும். பீரோவ நகத்தணும்."

"திதிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான மாப்ள. அது முடியட்டும்."

"அதுக்குள்ள இந்த வீட்டுக்கு இன்னொரு திதி வந்துறக் கூடாது மச்சான்."

சொல்லக் கூடாத வார்த்தை. சொல்லிவிட்டேன். அவர் கை ஓங்கினார். நான் விலகவில்லை, பார்த்துக்கொள், உன் பயந்தாங்கொள்ளித் தம்பி விலகவில்லை. ஓங்கிய கையால் அவர் தன் முகத்தை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். "தெறந்தா அவ போயிருவா மாப்ள. எனக்கு அம்புட்டுத்தான் மிச்சம் இருக்கு" என்றார். வெள்ளிக்கிழமை புகை அடங்கும்வரை அவரும் உன் தலையணையில் முகம் வைத்துக்கொண்டிருந்தாராம். தகப்பனும் மகளும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் அதே வேலையைச் செய்திருக்கிறார்கள்.

கயலை மேலூரில் என் வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு வந்தேன். முதலில் பிளம்பரைக் கூப்பிட்டுக் குழாய் வெடிப்பை அடைத்தோம். தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் சுவரை எவ்வளவு தேய்த்தாலும் வீண் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மாஸ்க், கையுறை எல்லாம் வாங்கிப் போயிருந்தேன். அதை மாட்டுவதற்குள் மச்சான் விளக்குமாற்றை எடுத்துச் சுவரில் ஓங்கி ஒரு இழுப்பு இழுத்துவிட்டார். ஜன்னல் வெயிலில் கறுப்புத் தூள் கிளம்பி அறை முழுக்க மிதந்தது. கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். காய்ந்தபடி தேய்த்தால் பூசணம் காற்றில் ஏறிவிடும், அப்புறம் அது எங்கே போய் உட்காரும் என்று யாருக்குத் தெரியும்?

தூள் அடங்கியபின், சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்து, ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றித் தேய்த்தோம். தேய்த்த இடத்தை உடனே துடைத்துக் காயவிட்டோம். மெத்தையும் தலையணையும் பஞ்சுக்குள் ஓதம் ஏறிப்போனவை, துவைத்துத் தேறாது. பாலிதீன் பையில் கட்டினோம். உன் தலையணையை மட்டும் மச்சான் என் கையில் கொடுக்கவில்லை. குப்பை வண்டிவரை அவரே கொண்டுபோனார்.

இப்போது சொல்லப்போவதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும். உதிர்ந்த பூச்சை ஈரப்படுத்திச் சுரண்டும்போது பெயிண்ட் ஏடு ஏடாக வந்தது. கயல் காதுகுத்துக்கு மச்சான் அடித்த பச்சை பெயிண்ட் உனக்கு ஞாபகம் இருக்கும். அந்தப் பச்சைக்கு அடியிலும் கறுப்பு இருந்தது அக்கா. நான் தாய்மாமன் சீர்த்தட்டோடு வந்தபோது வீடெல்லாம் புது பெயிண்ட் வாசனை. நீ இருமிக்கொண்டே வாசலில் நின்று வாடா என்றாய். உனக்குக் குளிர்காற்று ஆகாது, ஆகாது என்று அந்த அறை ஜன்னலை யாராவது ஒருத்தர் சாத்திக்கொண்டே இருப்போம். நீயும் சாத்தச் சொல்லுவாய். அப்போதே அந்தச் சுவர் அப்படித்தான் இருந்ததா? உன்னைக் கொண்டுபோனது எல்லாரும் சொன்ன அந்த நெஞ்சுச் சளிதானா? டாக்டரிடம் கேட்கலாம் என்று போனேன். சீட்டு வாங்கி, உட்கார்ந்து, கேட்காமலே எழுந்து வந்துவிட்டேன். பச்சைக்கு அடியில் இருந்ததை மச்சானும் பார்த்தார். என்னைப் பார்த்தார். அதைப் பற்றி இருவரும் இன்றுவரை பேசவில்லை.

உன் சேலைகளை வெந்நீரில் துவைத்து மாடியில் நல்ல வெயிலில் காயப்போட்டோம். தேறாததைக் கழித்துவிட்டோம். சுங்குடி தேறிவிட்டது. கயல் திரும்பி வந்ததும் நேராக அதை எடுத்து மூக்கில் வைத்தாள். ஒரு பக்கம், மறு பக்கம், முந்தி.

"சோப்பு வாசனதான் மாமா வருது" என்றாள்.

அவள் அழுத அழுகையை நீ பார்த்திருக்கக் கூடாது. மச்சான்தான் அவளை மடியில் போட்டுக்கொண்டு, "நல்லா அழு ஆத்தா. அழுதுட்டு மூச்ச நல்லா விடு" என்று முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அழுது முடிக்கும்வரை அவள் முதுகில் நானும் காதை வைத்துப் பார்த்தேன். விசில் இல்லை.

உன் திதி அந்த அறையிலேயே, ஜன்னல் கதவு இரண்டையும் திறந்து வைத்து நடந்தது. சாம்பிராணி போடவில்லை, கோபித்துக்கொள்ளாதே. சுவர் உள்ளே வரை காயட்டும் என்று இன்னும் பெயிண்ட் அடிக்காமல் வெறுமையாக விட்டிருக்கிறோம். பீரோ சுவரை ஒட்டாமல் தள்ளி நிற்கிறது. பின்னால் கை போகும், காற்று போகும். ஈரத்துணியை வீட்டுக்குள் கொடி கட்டிக் காயப்போடுவதையும் மச்சான் விட்டுவிட்டார்.

ஆனாலும் மேலூரில் தூறல் விழுந்தால் செல்லூருக்குப் போன் போடுகிறேன். "கயலு, சுவத்தத் தொட்டுப் பாரு" என்பேன். அவள் நடந்து போகும் சத்தம் கேட்கும். அப்புறம் ஒன்றும் கேட்காது. "காஞ்சுதான் இருக்கு மாமா" என்பாள். போன வாரம் அதோடு விடவில்லை. "மாமா, நான் தொட்டுப் பாக்கும்போதெல்லாம் நீங்க ஏன் மூச்சு விடாம இருக்கீங்க?" என்று கேட்டாள். உன் மகளாச்சே.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன் அக்கா. நாளைக்கு அவள் வளர்ந்து, எந்த ஊருக்கு, எந்த வீட்டுக்கு வாழப் போனாலும், தாய்மாமன் சீர்த்தட்டோடு முதல் ஆளாக நான் போவேன். தட்டை இறக்கி வைப்பதற்கு முன்னால் அந்த வீட்டுப் பீரோவுக்குப் பின்னால் கையை விட்டுச் சுவரைத் தொட்டுப் பார்ப்பேன். சபையே சிரிக்கும். சிரிக்கட்டும். பயந்தாங்கொள்ளி என்றுகூடச் சொல்லட்டும். சுவர் காய்ந்திருக்கிறது என்று கை சொன்னபிறகுதான் அந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பேன்.

உனக்காக அன்றைக்கே பயப்படத் தெரியாமல் போன,
உன் கூடப் பிறந்த தம்பி.