தனியாகப் போகிறவர்களுக்கு ஒரு குடை

பெப்ரவரி 3, செவ்வாய்

தேங்காய் துருவிக்கொண்டிருந்த என்னை மகள் அனுஜா இன்று மனேச்சர் ஆக்கிவிட்டாள். கொழும்புக் கொம்பனி ஒன்று அவளை இன்ரவியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறது. கேள்வி கேட்கிற மனேச்சர் மாதிரி இருந்து பழக்கிவிட ஓர் ஆள் வேண்டுமாம். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு.

"அது காணும். முகத்தைக் கடுகடு எண்டு வைச்சுக்கொண்டு, ஒரு குடை செய்து தா எண்டு கேளுங்கோ."

கேட்டேன். இன்ரவியூவில் இப்படித்தான் ஏதாவது ஒரு சாமானைச் செய்யச் சொல்லிக் கேட்பார்களாம். உடனே செய்யக் கூடாதாம். ஆருக்குக் குடை என்று முதலில் அவள் திருப்பிக் கேட்க வேண்டுமாம். எல்லாருக்கும் என்றால் பெயில். ஆட்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்தைத் தெரிந்தெடுத்து, அவர்களுக்கு என்ன கஷ்டம் என்று பார்த்த பிறகுதான் குடை.

அதற்குள் அந்தக் கூட்டம் நனைந்துவிடும்.

பெப்ரவரி 5

பள்ளிக்கூடப் பிள்ளைகள், சந்தைக்குப் போகிறவர்கள், குடையை ஊன்றி நடக்கிற வயதாளிகள் என்று அடுக்கினாள். நன்றாகத்தான் சொன்னாள். பெயில் என்றேன்.

"ஏனம்மா?"

"மனேச்சர் காரணம் சொல்லத் தேவையில்லை."

பெப்ரவரி 6

பெயில்.

பெப்ரவரி 8, ஞாயிறு

சேர்ச்சால் வந்ததும் மறுபடி குடை. இன்று நானும் ஒரு கூட்டம் சொன்னேன் — செத்தவர்கள். மார்கழியில் என் கணவர் எட்வேர்ட்டை அடக்கம் செய்த அன்று பெருமழை. அவருடைய கறுப்புக் குடையை நான் பெட்டிக்குத்தான் பிடித்தேன். நானும் போதகரும் தெப்பமாக நனைந்தோம். பெட்டிக்குள் இருக்கிற மனிசனுக்கு ஏன் குடை என்று ஒருவரும் கேட்கவில்லை.

 அனுஜா ஆட்களைப் புதிதாகப் பிரித்தாள். இரண்டு பேராகப் போகிறவர்கள், தனியாகப் போகிறவர்கள்.

"தனியாப் போறவையிலை நானும் வருவனோ?"

"நீங்கள் மனேச்சர். சும்மா இருங்கோ."

பெப்ரவரி 11

நாளை இன்ரவியூ. முந்தி இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் செய்வது எட்வேர்ட்தான். இப்போது நான். "ஆண்டவரே, உமக்குச் சித்தமானால் பிள்ளைக்கு இந்த வேலையைத் தாரும்." ஆமென் சொல்லி முடிக்கவில்லை —

"அம்மா, உந்தச் 'சித்தமானால்' மட்டும் ஏன் மூண்டு தரம்? அதுவும் கத்தி?"

அவள் போனால் நான் ஆரோடை இருந்து சாப்பிடுறது? பக்கத்திலை அவளையும் வைச்சுக்கொண்டு இதை ஆண்டவரிட்டை எப்பிடிச் சொல்லுறது?

பெப்ரவரி 12

கொம்பியூட்டரில் இன்ரவியூ. அறைக் கதவடியில் நின்றேன். எல்லாம் இங்கிலிஷ். சளசள என்று கதைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நின்றாள். சத்தமே இல்லை. ஐயோ, என்ரை பிள்ளை மறந்துபோனாள் — கண்ணை மூடினேன். "ஆண்டவரே, குடுத்துவிடும்." சித்தம் கித்தம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல நேரமும் இல்லை.

பிறகு கேட்டால், தண்ணீர் குடித்தாளாம்!

பெப்ரவரி 23

வேலை கிடைத்துவிட்டது. ஆண்டவர் இவ்வளவு கெதியாகக் காது கொடுப்பார் என்று நினைக்கவில்லை.

மார்ச் 10

நேற்று அனுஜா கொழும்புக்குப் பஸ் ஏறினாள். அப்பாவின் கறுப்புக் குடையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். இன்று சந்தைக்குப் போனால் மண்டையைப் பிளக்கிற வெயில். சந்தையடிக் கடையில் குடை கேட்டேன்.

"ஆருக்கு அன்ரி?" என்றார் கடைக்காரர்.

முதல் கேள்வியே சரி. மனதுக்குள் பாஸ் போட்டேன்.

"தனியாப் போற ஆளுக்கு."

சின்னக் குடை, மஞ்சள் பூப் போட்டது. சாப்பிடுகிற நேரம் அனுஜா போனில் முகம் காட்டினாள். அவளுக்கு முன்னாலும் ஒரு சோற்றுக் கோப்பை. குடையை விரித்துக் காட்டினேன்.

"பெயில்."

"ஏனடி?"

"மனேச்சர் காரணம் சொல்லத் தேவையில்லை."