மூன்று ஜெபத்து டிகாஷன்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

கடை கைவிட்டுப் போகவில்லை. கர்த்தர் கிருபையால் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

கடையைக் காலிசெய்யச் சொல்ல இடத்துக்காரர் வந்தார். அவசரத்தில் ஃபில்டரைத் தட்டித் தட்டி டிகாஷன் இறக்கிக் காபி கொடுத்தேன்.

"என்னய்யா, காபியா, ஞானஸ்நானத் தண்ணியா?" என்றார்.

தட்டினால் திறக்கும் என்று வேதம் சொன்னது கதவுக்குத்தான், ஃபில்டருக்கு இல்லை. டிகாஷன் இறங்க மூன்று பரமண்டல ஜெபம் சொல்லி முடியும்வரை நீ அதைத் தொடவிட மாட்டாய். நான் வேகமாக முணுமுணுத்தால், "ஆண்டவர்கிட்டயும் பேரமா?" என்பாய். அது ஞாபகம் வந்து, மறுபடி புதுப்பொடி போட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிதானமாக ஜெபித்தேன். அவரும் காத்திருந்தார். ஒரு வாய் குடித்ததும், காலிசெய்யும் பேச்சையே எடுக்கவில்லை.

நீ அந்த ஜெபம் சொல்வதைப் போனில் பதிந்து அனுப்பு. டிகாஷனுக்குத்தான்.

காபிக்கு ஆள் வந்துவிட்டார், முடிக்கிறேன். இடத்துக்காரரோடு பேசி முடித்தது: இன்னும் இரண்டு வருஷம், பழைய வாடகை, தினமும் அவருக்கு ஒரு காபி.