என் பெயரில் உள்ள எண்

ஆவணி, ஞாயிறு

கையெழுத்து கோணல். மன்னிக்கணும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை, இந்த நோட்டை வேறு யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் வெள்ளைத் தாளை இப்படிப் பாழாக்கும்போது தாளிடமாவது ஒரு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது. லாரி பாடி கட்டும் பட்டறையில் பலகைக்கு ஆணி அடித்தே பழகின விரல். பேனாவையும் சுத்தியல் மாதிரிதான் பிடிக்கிறது.

தினமும் எழுதச் சொன்னது மல்லிகா டீச்சர். மளிகைக் கடை வைத்திருப்பவர். சாயங்காலத்தில் பள்ளிக்கூடத்தில் எங்களைப் போன்ற வயசாளிகளுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார். இனி ம.டீ. என்றே எழுதுவேன். விரல் வலி.

காலையில் மேகம். மழை இல்லை. காற்று கோழிப்பண்ணைப் பக்கமிருந்து. நாற்றம் சோற்றுக்குள் வரை வருகிறது.

வெள்ளிக்கிழமை வந்த தபாலை இன்றுதான் முழுக்கப் படித்து முடித்தேன். போலீஸ் மேலிடத்துக்கு நான் போட்ட மனுவுக்குப் பதில். என் கையால் எழுதின முதல் மனு. வகுப்பில் மனு எழுதும் பாடம் வந்தது. மற்றவர்கள் தெருவிளக்குக்கு எழுதினார்கள். நான் தகவல் கேட்கும் சட்டத்தில் எழுதினேன். (இனி த.ச.) கேட்டது மூன்று:

என் மகன் போன் எந்த ஊர் டவரில் இருக்கிறது என்று பார்த்தீர்களா.
பார்க்கச் சொல்லி உத்தரவு போட்டது யார்.
பார்த்ததை யாரிடம் சொன்னீர்கள்.

பதில்: “தாங்கள் கோரிய தகவல் மூன்றாம் நபரைச் சார்ந்தது என்பதால் வழங்க இயலாது.”

இயலாது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். எல்லா எழுத்தும் தெரிந்த எழுத்து. படித்ததில் சந்தோசம், புரிந்ததில் அருவருப்பு. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தது இதுதான் முதல் தடவை.

பெற்ற மகன் மூன்றாம் நபர்.

ஆவணி, திங்கள்

தூறல். ஆடு மூக்குக்கண்ணாடிக் கயிற்றைத் தின்றுவிட்டது. தையல் நூலில் கட்டியிருக்கிறேன்.

நடந்ததை ஒரு தடவை வரிசையாக எழுதிவைக்கிறேன். மனசுக்குள்ளேயே வைத்திருந்தால் புளிக்கிறது.

மகன் தினேசும் நிவேதாவும் பங்குனியில் கல்யாணம் செய்துகொண்டார்கள். அந்தப் பெண் வேறு சாதி, பெரிய இடம். வயது வந்தவர்கள். ஸ்டேசனுக்கு இருவரும் நேராகப் போய் இஷ்டப்பட்டுத்தான் என்று எழுதிக் கொடுத்தார்கள், போலீசும் விட்டுவிட்டது. கேஸ் கிடையாது. பிறகு எங்கோ ஒரு மில்லில் வேலை, ஒரு ரூம். எந்த ஊர் என்று எங்களிடம்கூடச் சொல்லவில்லை. போன் எப்போதும் ஆப். ஆடியில் ஒரு சாயங்காலம் ஆன் செய்து அம்மாவோடு பேசினான். அவளுக்குக் காய்ச்சல், குரல் கேட்கணும் என்று இருந்தாள். விடியும்போது பெண்ணின் மாமனும் இன்னும் சிலரும் அரிவாளோடு ரூம் வாசலில். ரூம் விட்ட வீட்டுக்கார அம்மா கத்தி ஊரைக் கூட்டியதால் பிழைத்தார்கள். பின்பக்கமாக ஓடி பஸ் ஏறினார்கள். அந்தப் பிள்ளைக்குக் காலில் செருப்புகூட இல்லையாம். அந்த வீட்டுக்கார அம்மா வேறொருவர் போனில் கூப்பிட்டுச் சொன்னது இவ்வளவுதான். அதன்பின் ஒரு சேதியும் இல்லை. இருக்கிறார்களா என்றே தெரியாது.

அந்த மாமன் டீக்கடையில் சொன்னது, பத்துப் பேர் கேட்க: “போலீசுல நம்ம ஆளு டவர் பாத்துச் சொல்லீட்டாரு. எங்க போயி ஒளியறது?”

என் மனைவி சரசு அன்றிலிருந்து போனைத் தொடுவதில்லை. மணி அடித்தால் கொல்லைப்பக்கம் போய்விடுகிறாள். நேற்றும் அதே பேச்சு.

“நாந்தானுங்க காமிச்சுக் குடுத்துட்டேன். ரெண்டு வார்த்தையில போனை வெச்சிருக்கோணும்.”

“நீ என்ன பண்ணுவ. சும்மா இரு.”

“காச்சலோட செத்திருந்தாக்கூடப் பரவால்ல.”

ஆவணி, புதன்

இரவெல்லாம் யோசனை. காலையில் பல் விளக்கும்போது பொறி தட்டியது. மூன்றாம் நபராவது ஒன்றாவது. அந்த சிம் என் பெயரில்!

தினேசு பள்ளிக்கூடம் படிக்கும்போது நாமக்கல் பக்கத்து வேலூர் பஸ் ஸ்டாண்டில் குடை வைத்து சிம் விற்றவனிடம் வாங்கினது. என் ஆதார், என் கைநாட்டு. இன்றுவரை மாற்றவில்லை. நம் பக்கத்தில் பாதிப் பிள்ளைகளின் போன் அப்பன் பெயரில்தான் ஓடுகிறது. மனுவில் “என் மகன் போன்” என்று எழுதினது நான் செய்த தப்பு.

கடைக்கு ஓடினேன். ம.டீ. பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார்.

“டீச்சர், அந்தப் போனு எம்பேர்ல இருக்குதுங்க.”

“அப்படிப் போடுங்க! அதையே எழுதி மேல்முறையீடு அனுப்புங்க பெரியவரே. அவிங்க சொன்ன மூணாவது ஆளே அங்க இல்ல பாருங்க.”

எழுதினேன். நான்கு தாள் வீணானது. ஐந்தாவது தாளில்: “என் பெயரில் உள்ள எண்.” அதன் கீழே அதே மூன்று கேள்வி. ஆதார் நகல் ஒன்று. வேலூர் தபாலாபீசில் ரெஜிஸ்டர் தபால். வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று குறுக்கே நின்றது. பின்பலகையில் எழுதியிருந்த பெயர்களை எல்லாம் படித்துவிட்டுத்தான் நகர்ந்தேன். வாழ்நாள் முழுக்க அந்தப் பலகைகளை அடித்தேன், அதன்மேல் என்ன எழுதினார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. பெரும்பாலும் பிள்ளைகள் பெயர்.

பஸ்ஸில் பின்சீட்டில் இரண்டு பேர்:

“போனை ஆப் பண்ணுனாலும் தெரியுமாமா?”

“ஆப் பண்ணுனா எப்படீடா தெரியும்.”

“தெரியுதாமாடா. எங்க மச்சான் சொன்னான்.”

“உங்க மச்சானுக்கு அவன் ஊட்டுல நடக்கறதே தெரியாது.”

பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புரட்டாசி, சனி

ரொம்ப நாள் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை. தபாலும் இல்லை. இன்று நிறைய இருக்கிறது.

சரசு சனிக்கிழமை விரதச் சமையலில். எங்கள் ஸ்டேசன் ஏட்டு வந்தார். புல்லட்டை வாசலிலேயே நிறுத்தி, நாற்காலி போடுமுன் தானே இழுத்துப் போட்டுக்கொண்டார். டீ கேட்டார். சிரித்த முகம்.

“ஏனுங் பெருசு, மேல எடத்துக்கெல்லாம் மனுப் போடறீங்களாமா. ஆரு எழுதிக் குடுக்கறது?”

“நாந்தானுங்க ஏட்டய்யா.”

“நீங்களா? கைநாட்டுன்னு ஊருக்கே தெரியுமே! அந்த மளிகைக் கடையம்மாதான?”

டீயை எடுத்து நீட்டினேன்.

“உங்களுக்கு எதுக்கு இந்தப் பொல்லாப்பு. நாங்க நெனைச்சா உங்க பையன் எங்க இருந்தாலும் தெரியும். அன்னைக்கு உங்க ஊட்டுக்காரம்மாகூடப் பேசிக்கிட்டு இருக்கறப்பவே பல்லடம் டவர்ல நிக்குதுன்னு நமக்குத் தெரிஞ்சுபோச்சு. இதெல்லாம் மறைக்கற காரியமா?”

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

பல்லடம். பெற்ற எங்களுக்குத் தெரியாத ஊர் இந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. பெருமையாக வேறு சொல்கிறார், வீட்டில் டீயும் குடித்துக்கொண்டு. பாம்பு ஊர்ந்து போனதுபோல உடம்பு கூசியது.

பிறகு பையிலிருந்து டைப் அடித்த தாள் ஒன்று. கூடவே மை டப்பா. மூடியைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார்.

“இதுல ஒரு கைநாட்டு வெச்சிருங்க. சும்மா பார்மாலிட்டி.”

நூல் கட்டின கண்ணாடியை மாட்டினேன். விரல் வைத்து எழுத்து எழுத்தாகச் சத்தம் போட்டுப் படிக்க ஆரம்பித்தேன். வகுப்பில் படிப்பது மாதிரியே.

“அதெல்லாம் படிக்கோணுமா பெருசு, நேரமாச்சு.”

“கொஞ்சம் மெதுவாத்தானுங்க வருது. டீ குடிங்க.”

டீ ஆறிப்போச்சு. நான் முதல் வரியைத் தாண்டவில்லை. தாண்ட முடியவும் இல்லை.

“ஏட்டய்யா, ‘எழுதப் படிக்கத் தெரியாத என்னை’ன்னு போட்டிருக்குதுங்க. மொத வரியே தப்புங்களே.”

உள்ளே சரசு சிரித்துவிட்டாள். ஆடிக்குப் பிறகு இன்றைக்குத்தான்.

“படிக்கத் தெரிஞ்சா நல்லதாப் போச்சு, கையெழுத்தாவே போட்டுருங்க.”

“இன்னும் முடிக்கலைங்க.”

முடித்தேன். எழுதப் படிக்கத் தெரியாத என்னைச் சிலர் ஏமாற்றி மனு எழுதி வாங்கினார்கள், அதை முழு மனதோடு திரும்பப் பெறுகிறேன். அதுதான் சங்கதி. முழு மனதோடு!

“வெக்க மாட்டனுங்க.”

தாளை வெடுக்கென்று பிடுங்கினார். முகத்தில் இருந்த சிரிப்பு காணோம். “பொறகு வருத்தப்படக்கூடாது” என்றார். புல்லட் புகை வீட்டுக்குள் வந்தது. அவசரத்தில் மை டப்பாவை விட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் உட்கார்ந்த நாற்காலியைச் சரசு தண்ணீர் ஊற்றிக் கழுவினாள்.

அவர் பேசினதை மறக்குமுன் எழுதிவிட்டேன். சரசுவிடம் படித்துக் காட்டினேன். “இதேதானுங்க சொன்னாரு” என்றாள். பயம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய்.

புரட்டாசி, வெள்ளி

நல்ல மழை. ஓடைத் தண்ணீர் ரோட்டில்.

மேல்முறையீட்டுக்குப் பதில் வந்துவிட்டது. போன தடவையைவிடச் சீக்கிரம் படித்தேன்.

“மனுதாரரின் பெயரில் உள்ள மேற்படி எண் தொடர்பாக எந்த வழக்கும் நிலுவையில் இல்லை எனவும், அதன் விவரம் கோரி எந்த உத்தரவும் பிறப்பிக்கப்படவில்லை எனவும் தெரிவிக்கப்படுகிறது.”

சரசுவுக்கு முகம் விழுந்தது. “இல்லைன்னு சொல்லத்தான் இத்தனை நாளா? இதுக்கா அந்த ஓட்டம் ஓடுனீங்க?”

“உத்தரவு இல்லைங்கறாங்க.”

“உத்தரவு இல்லாம ஏட்டுக்குப் பல்லடம்னு எப்படீங்க தெரிஞ்சுது?”

அவளே கேட்டாள். கேட்டுவிட்டு அவளே வாயில் கை வைத்தாள்.

அதேதான். வழக்கு இல்லை, உத்தரவு இல்லை, யாரும் கேட்கவில்லை. ஆனால் பார்த்தார்கள். பார்த்ததைக் கொண்டுபோய் அரிவாள் வைத்திருக்கிறவனிடம் சொன்னார்கள். ஒரு டீக்கோ, சாதிக்கோ, எதற்கோ. இந்தத் தாளில் முத்திரை அடித்தவருக்கு இது தெரியுமா? தெரிந்தே அடித்தாரா? எது என்றாலும் த்தூ. தாளைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். பிறகு தாளை மடங்காமல் பெட்டியில் வைத்தேன்.

விளக்கு வைத்துவிட்டு வந்து சரசு: “அப்ப நான் பேசுனதுனால இல்லீங்களா?”

“மகங்கிட்டப் பேசறது குத்தமா? டவரைப் பாத்துச் சொன்னானே, அவன் பண்ணுனதுதான் குத்தம்.”

இரவு சோறு கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டாள்.

புரட்டாசி, செவ்வாய்

நாமக்கல். ம.டீ.க்குத் தெரிந்த வக்கீல் அம்மா. இரண்டு பதிலையும், ஏட்டு பேசினதை நான் எழுதின பக்கத்தையும் படித்தார்.

“இது நீங்க எழுதுனதா?”

எல்லாரும் இதையே கேட்கிறார்கள்.

“ஆமாங்க.”

“இல்லைன்னு எழுத்துல குடுத்துட்டாங்க. அவங்க ஆளே வந்து ஆமான்னு சொல்லியிருக்காரு. கேட்டவங்க ரெண்டு பேர். கோர்ட்ல போடலாம். நாளாகும்.”

நாளாகும். தெரியும். அதுவரை அந்த ஏட்டு அதே புல்லட்டில் சுற்றுவார். இன்னொரு வீட்டில் இன்னொரு பிள்ளை அம்மாவிடம் பேசப் போனை ஆன் செய்யும். ஆனாலும் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டேன். கைநாட்டு இல்லை.

ஐப்பசி, ஞாயிறு

இன்று சந்தோசம்.

பட்டறையில் பழகின லாரி டிரைவர் சின்னச்சாமி வந்தார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள். “உங்க பையன் குடுத்துச்சுங்க. எந்த ஊர்னு சொல்லட்டுங்களா?”

“வேண்டாஞ் சாமி. எனக்குத் தெரிஞ்சா எங்கிட்ட இருந்து புடுங்கிருவாங்க.”

படித்துச் சொல்ல யாரையும் தேடவில்லை. கதவைச் சாத்திவிட்டு நானே படித்தேன், சரசு பக்கத்தில். இருவரும் சுகம். வேலை கிடைத்திருக்கிறது. நிவேதா மாசமாக இருக்கிறாள். போன் வேண்டாம், எழுதலாம், சின்னச்சாமி அண்ணன் கொண்டுவருவார். கடைசி வரி: “அப்பா, இதை யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லாதீர்கள். நீங்களே படிப்பீர்கள் என்று மல்லிகா டீச்சர் சொன்னதாக அண்ணன் சொன்னார். நிஜமா?”

“இன்னொருக்காப் படிங்க” என்றாள் சரசு. படித்தேன். “இன்னொருக்கா.”

ஐப்பசி, திங்கள்

விடியலில் மழை விட்டது. சின்னச்சாமி லோடு ஏற்றிவிட்டார். “பைபாசில் நிற்கிறேன், சீக்கிரம் வாங்க” என்று ஆள் அனுப்பியிருக்கிறார்.

கடிதம் ஒரு பக்கம் ஆனது. முதல் வரி: நிஜம்தான் கண்ணு. ஏட்டு, கோர்ட், இதெல்லாம் எழுதவில்லை. அந்த நாற்றம் அங்கே வரை போகவேண்டாம். நிவேதாவைப் படியில் பார்த்து இறங்கச் சொல்லு, இரும்பு மாத்திரை தவறவேண்டாம், பச்சைத் தண்ணீரில் குளிக்கவேண்டாம். சரசு சொல்லச் சொல்ல எழுதினேன். பாதிகூட எழுதவில்லை, அதற்குள் தாள் முடிந்தது.

கீழே இடம் விட்டிருந்தேன். சரசு உள்ளே போய் ஏட்டு விட்டுப்போன மை டப்பாவை எடுத்து வந்தாள். விரலை நன்றாக அழுத்தி, என் எழுத்துக்குக் கீழே வைத்தாள். ஊதி ஊதிக் காயவைத்தாள்.

“பாத்தா நாந்தான்னு தெரியுமுங்களா?”

“தெரியும்.”

லாரி ஆரன் அடிக்கிறது. அடுத்த வாரம் இதே லாரி திரும்பும், மீதியை அதற்குள் எழுதிவைக்கணும்.